கொம்தார் நிலையத்துக்குச் செலவு செய்யட்டும், நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கோபம் வந்தால் கீழே எழுதுங்க, நான் ஓடிப்போக மாட்டேன்.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சாக இருக்கிறது. "பினாங்குக்கு எல்.ஆர்.டி. எதுக்கு? டவுன் நடுவுல கொம்தார்ல இவ்வளவு செலவுல நிலையம் எதுக்கு? அந்தக் காசைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" ஒருத்தர் போட்டால் இருபது பேர் கைகூப்புகிற படம் போடுகிறார்கள். தொண்டர்கள் சிலரும் அதையே பரப்புகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்தப் பேச்சு தப்பு. அதுவும் கோயிலுக்கு வருகிற ஜனங்கள் பேசக்கூடாத பேச்சு.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். 2025 ஜனவரியில் வேலை தொடங்கியாச்சு. சிலிக்கான் தீவிலிருந்து விமான நிலையம், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாக கொம்தார் வரை முதல் பகுதி. அதற்கான ஒப்பந்தம் மட்டும் 831 கோடி ரிங்கிட். பிறகு கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரைக்கும் போகும். 2031-ல் ஓடும் என்கிறார்கள். பெரிய காசுதான், மறுக்கவில்லை. நாம் எல்லாரும் கட்டுகிற வரி. கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

"தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமே" என்கிறவர்களுக்கு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காசு கேட்கணும், உரக்கக் கேட்கணும். ஆனால் எல்.ஆர்.டி. பணம் ஏதோ உண்டியலில் கிடக்கிற பணம் இல்லை, இங்கே வேண்டாம் என்றால் எடுத்து அங்கே போட. ரயில் கட்டுவதற்கென்று மத்திய அரசாங்கம் ஏற்பாடு செய்கிற பணம். நாம் வேண்டாம் என்றால் வேறு மாநிலத்தில் ரயில் ஓடும். நம்ம பிள்ளைக்கு ஒரு மேசை நாற்காலி கூட வராது. 2014-ல் இரண்டாவது பாலம் திறந்தார்களே, 450 கோடி ரிங்கிட். அப்போது யார் பள்ளிக்கூடத்தை ஞாபகப்படுத்தினார்கள்? காரில் போகிறவனுக்குச் செலவு செய்தால் வளர்ச்சி. கார் இல்லாதவனுக்குச் செலவு செய்தால் வீண். இது என்ன நியாயம்?

யார் அந்தக் கார் இல்லாதவர்கள்? நான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பாயான் லெப்பாஸ் பக்கம் வந்து பாருங்க. ஆயிரக்கணக்கில் மோட்டார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தூக்கக் கண்ணோடு, மழையில், லோரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வீட்டுக்குப் போகிற பையன்கள், பெண்பிள்ளைகள். இந்த நாட்டில் 2023-ல் சாலை விபத்தில் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். அவர்களுக்காக நாம் மோட்ச தீபம் ஏற்றுகிறோம், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் நிற்கிறோம். அவர்கள் உயிரோடு வீட்டுக்குப் போக ஒரு வழி போடுகிறார்கள் என்றால் "காசு வேஸ்ட்" என்று எழுதுகிறோம்.

அடுத்து, "ரயில் எதுக்கு, பஸ் போதுமே" என்கிறவர்கள். இதில் கொஞ்சம் ஞாயம் இருக்கு. பஸ் மலிவுதான், சீக்கிரமும் விடலாம். ஆனால் ஜாமில் கார் நின்றால் பஸ்ஸும் பின்னாடி நிற்கும். பஸ் ஓடணும் என்றால் அதற்குத் தனிப் பாதை விடணும், அதாவது காரிடமிருந்து ஒரு பாதையைப் பிடுங்கணும். "பஸ் போதும்" என்று எழுதுகிற எத்தனை பேர் அதற்குச் சம்மதிப்பீர்கள்? குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் முன்னாடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு வரிசையாகக் கார் நிறுத்திவிட்டு, சமன் எழுத வந்தால் சாமி கும்பிட வந்தேன் என்று சண்டை போடுகிறவர்கள் நாம்தானே! அந்தக் கோயில் 1833-ல் கட்டியது. கார் வருவதற்கு முன்னாடி போட்ட தெரு. 2008-லிருந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். எந்தக் கடையையும் இடித்துச் சாலையை அகலப்படுத்த முடியாது. அப்படியென்றால் கார் இல்லாமல் ஜனங்கள் டவுனுக்குள் வர ஒரு வழி இருந்தே ஆகணும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சரி, ரயில் வரட்டும். டவுனில் சின்னதா ஒரு ஸ்டேஷன் போதாதா? பஸ், ரயில், நடைபாதை எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்தில் இவ்வளவு செலவா?" என்று கேட்கிறார்கள். ஃபேக்டரியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மெஷினுக்குள் சரக்கு அவ்வளவாகத் தேங்காது. ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு மாற்றுகிற இடத்தில்தான் தேங்கும். அந்த இடத்தில் காசை மிச்சம் பிடித்தால் மொத்த லைனும் படுத்துவிடும்.

கோலாலம்பூரைப் பாருங்க. 1996-லும் 1998-லும் இரண்டு எல்.ஆர்.டி. வந்தது. இரண்டையும் இரண்டு கம்பனி கட்டியது. மஸ்ஜிட் ஜாமெக்கில் இரண்டும் சந்திக்கும், ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி வெளியே வந்து, புது டிக்கெட் வாங்கி மற்றதில் ஏறணும். அது சரியாக 2011 ஆச்சு. இரண்டு கம்பனியும் கடனில் மூழ்கி, 2002-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2003-ல் மோனோரயில் வந்தது. அதற்கு கே.எல். சென்ட்ரல் என்று பெயர் வைத்தார்கள், ஸ்டேஷன் சாலைக்கு அந்தப் பக்கம். பிரிக்பீல்ட்ஸ் போனவர்களுக்குத் தெரியும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த நடை. நூ சென்ட்ரல் திறந்த 2014 வரைக்கும் அதே கதைதான். இணைப்பில் மிச்சம் பிடித்ததற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஜனங்கள் காலால் கட்டணம் கட்டினார்கள். கொம்தாரிலும் அதுவே நடக்கணுமா?

நல்ல உதாரணமும் நம்ம கண் முன்னாடி இருக்கு. 2010-ல் கொமுட்டர் ரயில் பத்துமலை வரைக்கும் வந்தது. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கோயில் வாசல். தைப்பூசத்துக்குப் பால்குடத்தோடு, கைக்குழந்தையோடு, வயசான அம்மாக்களோடு ஜனங்கள் ரயிலில் வந்து இறங்குகிறதைப் பாருங்க. சரியான இடத்தில் ஸ்டேஷன் வைத்தால் பக்தி பண்ண கார் தேவையில்லை.

நம்ம தண்ணீர்மலைக்கு இந்த எல்.ஆர்.டி. வராது. அதைச் சொல்லித்தான் சிலர் "நமக்கு என்ன லாபம்" என்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன். தண்ணீர்மலைக்கு வராததால்தான் கொம்தார் நிலையம் நமக்கு ரொம்ப முக்கியம். பட்டர்வொர்த்திலிருந்தும், ஜெலுத்தோங், குளுகோர் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் அங்கேதான் இறங்கி பஸ் மாறணும். அந்த இடம் கூரையில்லாமல், லிஃப்ட் கெட்டுப்போய், பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருந்தால், முட்டி வலிக்கிற அம்மா மலைப்படி ஏறுவதற்கு முன்னாடியே களைத்துவிடுவார். பூஜை முடிந்து, அன்னதானம் பரிமாறி முடிகிற நேரத்தில் "தம்பி, என்னை வீட்ல விட்டுட்டுப் போறியா" என்று கேட்கிற வயசானவர்கள் எத்தனை பேர் என்று தொண்டர்களுக்குத் தெரியும். கேட்கக் கூச்சப்பட்டு, கோயிலுக்கே வராமல் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்?

அதனால் "வேண்டாம்" என்று கத்துவதை விட்டுவிட்டு, இவற்றைக் கேட்போம்:

1. கொம்தாரில் ரயிலை விட்டு இறங்கினால் மழையில் நனையாமல் பஸ்ஸுக்குப் போகணும். லிஃப்ட் எப்போதும் வேலை செய்யணும்.

2. அங்கிருந்து தண்ணீர்மலைக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் அடிக்கடி பஸ். வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் பூஜை முடிகிற நேரம் வரைக்கும். தைப்பூசத்தன்று இராத்திரி முழுக்க.

3. காலை ஷிப்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரும்படி முதல் ரயில். இரவு ஷிப்ட் ஆளுக்கும் ஒரு வழி.

4. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட். பி40 குடும்பம் கட்டக்கூடிய விலை.

5. முதலில் நிலையம், பிறகுதான் கடைவீதி. கொம்தார் கோபுரத்தைக் கட்டி முடித்தது 1986-ல். கடைகளை நம்பிக் கட்டிய இடம், கூட்டம் வேறு மால்களுக்குப் போனதும் எப்படிக் களை இழந்தது என்று பார்த்தவர்கள் நாம். கடை வரும், போகும். மாறி ஏறுகிற ஜனம் தினமும் வரும்.

இந்த ஐந்தையும் எழுதி, கோயில் பெயரில் வேண்டாம், நம்ம சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு, சட்டமன்ற உறுப்பினருக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும் அனுப்புவோம். 2031-க்குப் பிறகு புகார் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கான்கிரீட் இறுகுவதற்கு முன்னாடி கேட்டால்தான் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணி முடிந்ததும் கடிதம் தயாராக இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்க. சம்மதம் இல்லை என்றால் என்னிடம் நேரில் சொல்லுங்க, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம்.

முருகன் துணை.