புதிய மடிக்கணினி: வாங்கலாமா, பொறுக்கலாமா?

மகளின் கல்லூரிப் படிப்புக்கென அரும்பாடுபட்டுச் சேமித்த பணத்தில் மடிக்கணினி வாங்கப் புறப்படுகிறீர்கள். "அந்த மாடலில் கோளாறாம்" என்ற பேச்சு காதில் விழுகிறது. என் செய்வது?

ஒரு நிகழ்வைக் கேளுங்கள். ஆப்பிள் நிறுவனம் 2015இல் தன் மேக்புக் கணினியில் 'பட்டர்ஃபிளை' எனும் மிக மெல்லிய விசைப்பலகையைப் புகுத்தியது. சிறு தூசி புகுந்தாலும் சில விசைகள் இயங்க மறுத்தன. சிலவற்றை ஒருமுறை தட்டினால் எழுத்து இருமுறை விழுந்தது. விசைப்பலகை மேற்பாகத்தோடு ஒன்றாய் இணைந்திருந்ததால் பழுதுநீக்கும் செலவும் மிகுதி. முதல் விற்பனையிலிருந்து 4 ஆண்டுகள்வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக 2018 ஜூனில் நிறுவனம் அறிவித்தது. ஆயினும் மாற்றித் தந்ததும் அதே வகைப் பலகையே! 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில்தான் அமைப்பே மாறியது.

எனவே மூன்று வினாக்களை எழுப்புங்கள். கோளாறு எப்பாகத்தில்? நிறுவனம் அதனை ஒப்புக்கொண்டதா? எத்தனை ஆண்டுகள் தன் செலவில், திருத்திய பாகத்தைத் தரும்? விடை எழுத்தில் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையேல் அடுத்த மாடல் வரும்வரை பொறுங்கள். பொறுக்க இயலாதெனில் வேறு மாடலை நாடுங்கள். கடைக்காரரின் வாய்மொழி, பழுதான நாளில் துணைவராது!