மாடிப் போர்ஷனுக்கு என்ன வாடகை?

இந்தப் பதினைந்து நாளில் வந்த கடிதங்களில் இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். ஒன்று நங்கநல்லூரிலிருந்து. எழுதியவர் கணவரை இழந்த அம்மாள். கீழே தாம் இருந்துகொண்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர். "இருபதாயிரத்துக்குக் குறைச்சு விடாதீங்கம்மான்னு தரகர் சொன்னார். நாலு மாசமாப் பூட்டித்தான் கிடக்குது. மருந்துச் செலவுக்கே கையைக் கடிக்குது" என்று எழுதியிருக்கிறார். இன்னொன்று, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு தேடி அலைகிற ஒரு பெண்ணிடமிருந்து. "அக்கா, மடிப்பாக்கத்துல 13,000, பழவந்தாங்கல்ல 16,000. அவர் மடிப்பாக்கம்தான் மலிவுன்னு சொல்றார். எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்கிறாள்.

வீடு விடுகிறவருக்கும் வீடு தேடுகிறவளுக்கும் கேள்வி ஒன்றுதான். நியாயமான வாடகை என்றால் எவ்வளவு? இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இதற்குச் சட்டத்திலேயே ஒரு கணக்கு இருந்தது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், மனையின் சந்தை மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு (பழசானதற்குத் தேய்மானம் போக), வசதிகளுக்கென்று 15 சதவீதம் வரை, எல்லாவற்றையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு 9 சதவீதம் குடியிருப்பு வீட்டுக்கு நியாய வாடகை என்று வைத்திருந்தார்கள். கடை, ஆபீஸ் என்றால் 12 சதவீதம். சென்னையில் இந்த வழக்குகள் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். வருஷக்கணக்கில் நடக்கும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதன்படி வீட்டுக்காரரும் குடி வருகிறவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் வாடகை. பிறகு உயர்த்துவதில் தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். மற்றபடி முதல் வாடகையை நமக்காக உட்கார்ந்து நிர்ணயிக்க யாரும் இல்லை. தரகர் இருக்கிறாரே என்கிறீர்களா? பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் ஒரு மாத வாடகை. வாடகை ஏறினால் அவர் கமிஷனும் ஏறும். அதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

பழைய 9 சதவீதக் கணக்கை இன்றைக்குப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? நங்கநல்லூர் அம்மாளின் மாடிக்கு, மனையில் அதன் பங்கும் சேர்த்து 60 லட்சம் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 சதவீதம் 5,40,000. மாதம் 45,000 ரூபாய்! யார் கொடுப்பார்கள்? சென்னையில் குடியிருப்பு வீடுகளுக்குப் பொதுவாக மதிப்பில் 2 முதல் 4 சதவீதம்தான் வருஷ வாடகையாகக் கிடைக்கிறது. காரணம் லேசானதுதான். மனை விலை நாளைக்கு இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பில் ஏறிக்கொண்டே போகிறது. வாடகையோ இந்த மாதச் சம்பளத்திலிருந்து வர வேண்டும். அதனால் "என் வீடு இத்தனை லட்சமாக்கும், இவ்வளவு வாடகை வரவேண்டாமா?" என்று வீட்டு விலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விலையை வைத்துக் கடைசியில் ஒருமுறை சரிபார்க்கலாம், அவ்வளவே. 60 லட்சத்துக்கு மாதம் 16,000 என்றால் வருஷம் 1,92,000, அதாவது 3.2 சதவீதம். இந்த ஊருக்கு அது ஒன்றும் மோசமில்லை.

அப்படியானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? தெருவிலிருந்துதான்.

நம் பெண்களுக்கு இது கைவந்த கலை. இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், பூக்கார அம்மா, இவர்களுக்குத் தெரியாத வீடு அந்தப் பேட்டையில் கிடையாது. எந்த வீட்டுக்கு யார் புதுசாக வந்தார்கள் என்று இவர்களிடம் கேளுங்கள். பிறகு அந்த வீட்டுப் பெண்மணியிடமே பேச்சோடு பேச்சாக, "நாங்களும் இந்தப் பக்கம் பார்க்கிறோம், என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு வருஷமாகக் குடியிருப்பவர் தருவது பழைய வாடகை. அதை வைத்து நீங்கள் பேரம் பேசினால் வீட்டுக்காரர் சிரிப்பார். 'டு லெட்' பலகையைப் பார்த்துப் போன் செய்தால் சொல்வது கேட்கிற வாடகை, முடிகிற வாடகை அல்ல. கடந்த ஒரு வருஷத்துக்குள் குடி வந்தவர்கள் உண்மையில் கொடுக்கிற தொகைதான் நமக்கு வேண்டும். அப்படி நாலைந்து வீடு சேர்த்து, மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் தள்ளிவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் தெருவின் வாடகை.

அதற்குமேல் உங்கள் வீட்டுக்கென்று கூட்டிக் குறைக்க வேண்டியதைக் கூட்டிக் குறைக்கலாம். தலைக்குமேல் நேராக மொட்டை மாடி என்றால் சித்திரை, வைகாசியில் அடுப்பங்கரையில் நிற்க முடியாது. அதற்குக் குறைக்கத்தான் வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, உப்புத் தண்ணீர், வண்டி நிறுத்த இடமில்லாமை, இவற்றுக்கும் அப்படியே. தனி வாசல், கார்ப்பரேஷன் தண்ணீரும் போர் தண்ணீரும் இரண்டும் இருப்பது, எதிரும் புதிருமாக ஜன்னல், துணி உலர்த்தக் கொடி கட்ட இடம், இதற்கெல்லாம் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கொடி கட்டுகிற இடத்தை ஆண்கள் பார்க்கவே மாட்டார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில், மழைக்காலத்தில் அது எத்தனை பெரிய விஷயம் என்று நமக்குத்தானே தெரியும்! "ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் பூட்டிவிடுவோம், விருந்தாளி ரெண்டு நாளுக்கு மேல் தங்கக்கூடாது" என்று கட்டளைகள் போடுகிற வீடும் வாடகையைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வீடுதான் என்பது என் கட்சி.

நங்கநல்லூர் அம்மாவுக்கு வருகிறேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடுத்த தெருவில் இதே மாதிரி 750 சதுர அடி மாடி போன மாதம் 16,000க்குப் போயிற்று என்று. அதுதான் உங்கள் வாடகை அம்மா. நாலு மாதம் பூட்டிக் கிடந்ததில் போனது 64,000 ரூபாய். நாளைக்கே 20,000 தருகிற ஒருவர் வந்தாலும், அந்தக் கூடுதல் 4,000 சேர்ந்து 64,000 ஆவதற்குப் பதினாறு மாதம் வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்கிற ஒப்பந்தமோ பதினொரு மாதத்துக்கு! அதிக வாடகைக்கு வந்தவர் அடுத்த தெருவில் என்ன வாடகை என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்? தெரிந்ததும் காலி செய்வார். மறுபடி பூட்டு, மறுபடி தரகர், மறுபடி வெள்ளையடிப்பு.

ஆனால் உங்களை 14,000க்கோ 13,000க்கோ இறங்கச் சொல்லவில்லை. தனியாக இருக்கிற பெண்மணி என்று தெரிந்தால் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 16,000 வீதம் வருஷத்துக்கு 1,92,000. குடி மாறும்போது ஒரு மாதம் காலி கிடந்தால் 16,000 போகும். சொத்து வரி, ஒரு 6,000 என்று வைப்போம். பெயிண்ட், பைப், மோட்டார் ரிப்பேர் என்று வருஷச் சராசரி 15,000. மீதி 1,55,000. மாதம் 13,000கூட முழுசாகக் கையில் நிற்கவில்லை. வீடு வைத்திருப்பவர்களெல்லாம் பணத்தில் புரளுகிறார்கள் என்று நினைக்கிற இளம் பெண்களும் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், சொத்து வரியைக் கழித்த வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று, பில் எதுவும் இல்லாமலே, கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மடிப்பாக்கமா, பழவந்தாங்கலா? அந்தப் பெண் ஒரு காரியம் நன்றாகச் செய்திருந்தாள். இரண்டு வீட்டிலும் கேட்ட விவரமெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதைக் கூட்டிப் பார்த்தேன்.

மடிப்பாக்கத்தில் வாடகை 13,000. அபார்ட்மெண்ட் ஆகையால் மெயின்டனன்ஸ் 1,500. லாரித் தண்ணீருக்குப் பங்கு 700. ஸ்டேஷனுக்குக் கணவர் ஷேர் ஆட்டோவில் போய்வர மாதம் 1,000. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கிடையாது, சப் மீட்டர்தான்; யூனிட்டுக்கு 9 ரூபாய். இவர்களுக்கு இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஆகிறது, ஆக மாதத்துக்கு 900. பத்து மாத அட்வான்ஸ் 1,30,000. அந்தப் பணம் பாங்கில் 7 சதவீதத்தில் கிடந்தால் மாதம் 760 ரூபாய் வட்டி வரும்; அது போச்சு. மொத்தம் 17,860.

பழவந்தாங்கலில் வாடகை 16,000. தனி வீடு, மெயின்டனன்ஸ் இல்லை. ஸ்டேஷன் நடக்கிற தூரம். தண்ணீர் குழாயில் வருகிறது. தனி மீட்டர். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அது போக மீதிக்குத்தான் பில். மாதம் 250 வைத்தால் போதும். அட்வான்ஸ் மூன்று மாதம், 48,000. அதற்கு வட்டி மாதம் 280. மொத்தம் 16,530.

மலிவு வீடு மாதம் 1,330 ரூபாய் அதிகம்! உன் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறதம்மா. இந்தச் சீட்டை அவர் கையில் கொடு, வேறெதுவும் பேச வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒரே சம்பளம், கைக்குழந்தை என்று இருக்கிற வீட்டில், இந்த மொத்தத் தொகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டு வீடுமே வேண்டாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். குழந்தைக்கு ஜுரம் வருகிற மாதத்துக்கு என்று கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும்.

சப் மீட்டர் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்காரரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு குடித்தனமும் ஒரே இணைப்பில் ஓடினால் யூனிட் கூடி மேல் ஸ்லாபுக்குப் போய் அவருக்கும் பில் ஏறும். ஆனாலும் இ.பி. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

அளவு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ஒருவர் "900 சதுர அடி, 18,000தான்" என்பார். சதுர அடிக்கு 20 ரூபாய், பரவாயில்லையே என்று தோன்றும். அந்த 900இல் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். தையல் பெட்டியிலிருக்கிற டேப்பை எடுத்துப் போய் அறை அறையாக உள்ளளவு எடுங்கள். 660தான் வருகிறது என்றால் சதுர அடிக்கு 27 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. பீரோவும் கட்டிலும் நிற்பது அந்த 660இல்தான்.

அட்வான்ஸைப் பற்றிப் புதுச் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. அந்த "ஒழிய"வில்தான் பத்து மாதம் புகுந்துகொள்கிறது. பத்து மாதம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அந்த வட்டி அளவுக்காவது வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். வீட்டுக்காரர்களும், அட்வான்ஸை வாங்கிச் செலவழித்துவிட்டுக் காலி செய்யும்போது விழிப்பதைவிட, மூன்று மாதம் வாங்கி பாங்கில் போட்டு வைப்பது நிம்மதி.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். பதினொரு மாதம் என்று எழுதினால் எதுவுமே தேவையில்லை என்று பலர் சொல்வார்கள், அது பழைய கதை. வருஷா வருஷம் எத்தனை உயர்த்துவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். 16,000க்கு 5 சதவீதம் என்றால் 800 ரூபாய்; இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும், முகம் சுளிக்க வேண்டாம். ரிப்பேர் யார் செய்வது என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, மின் வயரிங், கட்டட ரிப்பேர் எல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

சாவி கை மாறுகிற அன்றைக்கு இருவருமாக வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மீட்டர் ரீடிங், எத்தனை ஃபேன், எத்தனை விளக்கு, எந்தச் சுவரில் ஈரம், எந்த ஓடு விரிசல் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். போனில் நாலு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் ரசீது கேளுங்கள்; கொடுக்கிறவரும் நகல் வைத்துக்கொள்ளட்டும். நங்கநல்லூர் அம்மா, 'டு லெட்' பலகையில் தரகர் நம்பருக்குக் கீழே உங்கள் நம்பரையும் எழுதிவிடுங்கள்.