மந்திரம் பலிக்கவில்லையா? கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள்!

"கம்ப்யூட்டர் ஏமாத்துது!" அம்பத்தூர், ஆவடிப் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. மாயாஜால கேம்களில் அரக்கன் மீது ஏவும் மந்திரம் சில சமயம் பலிப்பதே இல்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இருப்பது கணக்கு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

இத்தகைய கேம்கள் பலவற்றுக்கும் தாய், 1974-ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாம் தாயக்கட்டை உருட்டுவது போல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து 20 முகப் பகடை உருட்டி ஆடுவது. அதில் சில பிராணிகளுக்கு மந்திரத்தைத் தடுக்கும் சக்தி உண்டு. அதற்கான விதி பதிப்புக்குப் பதிப்பு மாறியது.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அது வெறும் சதவீதம். 50 என்றால், கற்றுக்குட்டி ஏவினாலும் மகா மந்திரவாதி ஏவினாலும் பாதிக்குப் பாதி வீண்தான். 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் கம்ப்யூட்டர் கேம் இந்தப் பதிப்பைப் பின்பற்றியது.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. இதில் பகடையில் விழும் எண்ணுடன் மந்திரவாதியின் நிலையையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை அரக்கனின் தடுப்பு எண்ணை எட்டினால் மந்திரம் தடையைத் தாண்டும். தடுப்பு எண் 18 என்று கொள்வோம். 5-ம் நிலை மந்திரவாதிக்கு 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 40 சதவீதம். 10-ம் நிலைக்கு 8 போதும். வாய்ப்பு 65 சதவீதம். 2002-ல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் இந்த வகை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், தடுக்கும் பிராணிக்காக இரண்டு பகடைகள் உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். தப்பிக்க 11 தேவையென்றால் வாய்ப்பு 50-லிருந்து 75 சதவீதமாக உயரும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 இந்தப் பதிப்பை ஒட்டியது.

என் ஓட்டு மூன்றாம் பதிப்புக்கே. அங்கே தடையைத் தாண்டுவதில் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. ஒரு நிலை கூடினால் வாய்ப்பு 5 சதவீதம் கூடும் என்பதைச் சிறுவர்களும் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

20 முகப் பகடை தேடி அலைய வேண்டாம். எக்செலில் ராண்ட்பிட்வீன் ஃபங்ஷனை 1 முதல் 20 வரை என அமைத்து, 100 செல்களில் நிரப்புங்கள். 13-ம் அதற்கு மேலும் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஏறக்குறைய 40 வரும். எஃப்9 கீயை அழுத்தினால் எண்கள் மாறும், மீண்டும் எண்ணலாம்.

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடமும் இதேதான். கேம் விளையாடும் பிள்ளையிடம் "போதும், நிறுத்து" என்பதற்கு முன், "அந்த மந்திரம் ஏன் பலிக்கலை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!