போர்க்கால வரியும் கணக்குக் கேட்கும் உரிமையும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "சூப்பர் சார்" என்று போடுபவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் நம் குழுவில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பற்றி என் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். கிராம்வெல்லின் வீரத்தைப் பாராட்டிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "நாடு பற்றி எரியும்போது, படைக்குக் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பவன் எதிரியின் ஆள்." அதற்கு நாற்பது பேர் கை தட்டியிருந்தீர்கள். தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுத்த உதாரணமே அவர் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தச் சண்டை எதில் தொடங்கியது? மதம், மன்னரின் அதிகாரம் என்று பல காரணங்கள் உண்டு. வரியும் அதில் பெரிய காரணம். முதலாம் சார்லஸ் மன்னர் 1629 முதல் 1640 வரை பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். நாடாளுமன்றம் கூடாவிட்டால் புதிய வரிக்கு ஒப்புதல் கிடைக்காது. அதனால் பழைய வழக்கம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். கப்பல் வரி என்று பெயர். ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் கப்பல் கொடுப்பது பழைய வழக்கம். 1634-இல் கடலோரத்துக்கு விதித்தவர், 1635-இல் கடலையே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விதித்தார். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு.

ஜான் ஹாம்ப்டன் என்ற நிலக்கிழார் தன் பங்கைக் கட்ட மறுத்தார். வழக்கில் இருந்த தொகை வெறும் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அவரால் கட்ட முடியாத தொகையா? இல்லை. யாரைக் கேட்டு விதித்தாய் என்பதுதான் அவர் கேள்வி. 1638-இல் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னர் பக்கமும் ஐந்து பேர் ஹாம்ப்டன் பக்கமும் தீர்ப்பளித்தார்கள். வழக்கில் தோற்றவர் நாட்டுக்கே தலைவரானார். 1641-இல் நாடாளுமன்றம் அந்த வரியைச் சட்டவிரோதம் என்று ஒழித்தது.

இதுவரை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் பார்ப்பதில்லை.

1642 ஆகஸ்டில் போர் தொடங்கியது. போருக்குப் பணம் வேண்டும். கப்பல் வரியை அநியாயம் என்ற அதே நாடாளுமன்றம், 1643 பிப்ரவரியில் வாரந்தோறும் வரி என்று ஆணை போட்டது. மாவட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையை லண்டனில் முடிவு செய்வார்கள். மாவட்டக் குழு அதை வட்டங்களுக்குப் பிரிக்கும், வட்டம் ஊர்களுக்குப் பிரிக்கும், ஊரில் யார் யாருக்கு எவ்வளவு என்று உள்ளூர்க்காரர்களே எழுதுவார்கள். கட்டாதவன் வீட்டுப் பொருளை ஜப்தி செய்யலாம்.

நமக்கு இது புதிதல்ல. கோயில் கொடைக்கு ஊர் கூடி மொத்தச் செலவை முடிவு செய்து, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவோமே, அதே முறைதான். ஆனால் கொடை ஆண்டுக்கு ஒரு முறை வரும். இது வாரா வாரம் வந்தது.

கணக்கைப் பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் என்று ஒரு மாவட்டம். மன்னரின் கப்பல் வரி அந்த மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 பவுண்டு. நாடாளுமன்றத்தின் வரி வாரத்துக்கு 1,250 பவுண்டு. ஏழு வாரத்தில் 8,750. அதாவது மன்னர் ஒரு வருடத்தில் கேட்டதை விட அதிகமாக நாடாளுமன்றம் ஏழே வாரத்தில் கேட்டது. இதோடு நிற்கவில்லை. மன்னர் பக்கம் நின்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து வருமானத்தை எடுத்துக்கொண்டார்கள். 1643 ஜூலையில் ஜான் பிம் முன்னின்று கலால் வரியைக் கொண்டுவந்தார். பீரில் தொடங்கியது, அடுத்த ஆண்டு இறைச்சிக்கும் உப்புக்கும் வந்தது. உப்பு என்றால் ஏழை வீட்டுக்கும் வரி என்று பொருள்.

"அப்படியானால் நாடாளுமன்றமும் மன்னரும் ஒன்றுதானே சார்?" என்று கேட்பீர்கள். ஒன்று அல்ல. நான் வரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் கொடுக்காத படை கொள்ளையடிக்கும். குதிரையை அவிழ்த்துக்கொண்டு போகும், வீட்டில் தங்கித் தின்றுவிட்டு ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அந்தச் சீட்டுக்கு எப்போது காசு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை விட எழுதி வைத்து வாங்கும் வரி எவ்வளவோ மேல். ஆகவே நம் கேள்வி, வாங்கியதை யாரிடம் கணக்குக் காட்டினார்கள் என்பதுதான்.

இந்த இடத்தில்தான் வட்டாரப் படைகளின் கதை வருகிறது. போரின் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஒரே படை கிடையாது. அக்கம்பக்கத்து மாவட்டங்கள் சேர்ந்து சேர்ந்து தங்களுக்கென்று படை வைத்துக்கொண்டன. 1642 டிசம்பரில் நார்ஃபோக், சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆகியவை சேர்ந்து கிழக்குக் கூட்டமைப்பு என்று ஒன்றை அமைத்தன. முதலில் அது சரியாக நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பணம் எங்கள் ஊர்ச் சிப்பாய்க்கே, அவன் எங்கள் எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு மாவட்டமும் பிடிவாதம் பிடித்தது. தம்பி புகழ்ந்த கிராம்வெல் 1643-இல் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சிப்பாய்களுக்குச் சம்பளம் அனுப்புங்கள் என்று மாவட்டக் குழுக்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் படையை நிமிர வைத்ததில் வாளுக்கு இருந்த பங்கு கணக்குப் புத்தகத்துக்கும் உண்டு. மான்செஸ்டர் பிரபு தளபதியானார். 1644 தொடக்கத்தில் எல்லா மாவட்டப் பணமும் கேம்பிரிட்ஜில் ஒரே கருவூலத்துக்கு வரவேண்டும், அங்கிருந்து ஒரே குழு செலவு செய்யவேண்டும் என்று ஏற்பாடானது. அந்த ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் ஸ்காட்லாந்துப் படையோடும் ஃபேர்ஃபாக்ஸ் படையோடும் நின்று வென்றது இந்தக் கிழக்குப் படை.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? மன்னரும் மாவட்டங்களில் தண்டல் செய்தார். பல இடங்களில் கோட்டையில் இருக்கும் படைக்கு இந்த இந்த ஊர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். வாங்கும் கையிலேயே துப்பாக்கியும் இருந்தது. எவ்வளவு வாங்கினான், எவ்வளவு பாக்கி என்று யார் கேட்பது? எல்லைப்புறக் கிராமங்களின் நிலை இன்னும் மோசம். காலையில் ஒரு படைக்குக் கட்டினால் மாலையில் அடுத்த படை வந்து நின்றது.

அந்தக் கிராமங்கள் கடைசியில் பொங்கின. 1645-இல் டோர்செட், வில்ட்ஷயர், சோமர்செட் பக்கத்து விவசாயிகள் தடியும் கவைக்கோலும் எடுத்துக்கொண்டு, இரண்டு படையும் எங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று திரண்டார்கள். தடிக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். ஆகஸ்ட் 4 அன்று ஹாம்பிள்டன் குன்றில் கூடியிருந்தவர்களை அடித்துக் கலைத்தவர் யார்? கிராம்வெல்தான். சுமார் 300 பேரைப் பிடித்தார்கள். தம்பியின் அளவுகோல்படி பார்த்தால் அந்த விவசாயிகள் எல்லோரும் எதிரியின் ஆட்கள். உண்மையில் அவர்கள் எதிரிக்கும் கட்டியவர்கள், நண்பனுக்கும் கட்டியவர்கள். இனிக் கட்ட ஒன்றும் மிச்சமில்லாதவர்கள்.

கணக்குக் கேட்கவேண்டும் என்பது அந்த நாடாளுமன்றத்துக்கும் தெரிந்திருந்தது. 1644 பிப்ரவரியில், போர் உச்சத்தில் இருக்கும்போதே, நாட்டின் வரவு செலவைத் தணிக்கை செய்ய ஒரு குழுவை அமைத்தார்கள். வில்லியம் பிரின் அதில் முக்கியமானவர். மன்னரின் ஆட்சியில் காது அறுக்கப்பட்டுச் சிறையில் கிடந்த மனிதர் அவர். அவரைப் போய் மன்னரின் கையாள் என்று சொல்ல முடியுமா? இந்தக் குழுவுக்கு மாவட்டங்களிலும் கிளைகள் வந்தன. வந்ததும் மாவட்டக் குழுக்களுக்குக் கசந்தது. வார்விக்‌ஷயரில் இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டையே நடந்தது. தண்டல் செய்கிறவருக்கும் தணிக்கை செய்கிறவருக்கும் ஆகாது என்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் இதைக் கவனியுங்கள்: கணக்குக் கேட்டதால் நாடாளுமன்றம் போரில் தோற்கவில்லை. கேட்ட பக்கம்தான் வென்றது.

சரி, வென்ற பிறகு? பாடத்தின் கசப்பான பகுதி இதுதான்.

1645-இல் வட்டாரப் படைகளைச் சேர்த்துப் புதிய மாதிரிப் படையை உருவாக்கினார்கள். 22,000 பேர். மாதச் செலவுக்கு 53,000 பவுண்டுக்கு மேல் வரி. நாலே மாதத்தில் மன்னரின் ஓர் ஆண்டுக் கப்பல் வரியைத் தாண்டிவிடும் தொகை. இவ்வளவு வாங்கியும் சிப்பாய்க்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1647-இல் காலாட்படைக்கு 18 வாரப் பாக்கி, குதிரைப்படைக்கு 43 வாரப் பாக்கி. காலாள் சம்பளம் நாளுக்கு 8 பென்ஸ். 18 வாரம் என்றால் 126 நாள், 1,008 பென்ஸ், அதாவது 4 பவுண்டு 4 ஷில்லிங். எட்டாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். உயிரைக் கொடுக்க வந்தவனிடம், ஆறு வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்கள். கொஞ்சம் பேரம் பேசி எட்டு வாரம் என்றார்கள்.

படை வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஜூனில் மன்னரைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஆகஸ்டில் லண்டனுக்குள் அணிவகுத்தது. 1648 டிசம்பர் 6 அன்று நாடாளுமன்ற வாசலிலேயே நின்று, தனக்குப் பிடிக்காத உறுப்பினர்களை உள்ளே விடாமல் தடுத்தது. தடுக்கப்பட்டவர்களில் பிரின்னும் ஒருவர். கணக்குக் கேட்டவரைப் படை வெளியே தள்ளியது. அடுத்த மாதம் மன்னரின் தலை போனது. பிறகு பல ஆண்டுகள் அந்த நாட்டில் படை வைத்ததே சட்டம். 20 ஷில்லிங்குக்காக மன்னரை எதிர்த்தவர்களின் நாடு, படையிடம் "ஏன்" என்று கேட்க முடியாத நாடாக முடிந்தது. ஹாம்ப்டன் இதைப் பார்க்கவில்லை. அவர் 1643 ஜூனிலேயே போர்க்காயத்தில் இறந்துவிட்டார்.

வரி என்ன ஆனது? போர் முடிந்தால் போய்விடும் என்றுதானே மக்கள் நம்பினார்கள்? 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் மக்கள் கலால் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். பயந்துபோய் உள்நாட்டு இறைச்சிக்கும் உப்புக்கும் வரியை விலக்கினார்கள். மற்றவை நின்றன. 1660-இல் முடியாட்சி திரும்பியது. புதிய மன்னர் பழைய எதிரிகளின் சட்டங்களைத் தூக்கிப் போட்டார். கலாலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்! இன்றைக்கும் பிரிட்டனில் கலால் இருக்கிறது. அவர்கள் ஆண்ட நம் நாட்டிலும் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது அதே பெயருள்ள வரியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆபத்துக்குப் போட்ட வரி ஆபத்தோடு போவதில்லை. அதற்கு முடிவு நாளை முதலிலேயே எழுதி வாங்காவிட்டால், பிறகு எழுதுவதற்கு ஆள் கிடைக்காது.

ஆகவே தம்பிக்கும், கை தட்டிய நாற்பது பேருக்கும் நான் சொல்வது மூன்று.

ஒன்று: நியாயமான பக்கத்தில் இருக்கிறோம் என்பது கணக்குக் காட்டாமல் இருப்பதற்கு உரிமம் ஆகாது. நாடாளுமன்றத்தின் நியாயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சஃபோக் விவசாயியின் பையிலிருந்து போனது காசுதான்.

இரண்டு: கணக்கு சிப்பாய்க்கும் பாதுகாப்பு. பணம் எங்கே போனது என்று ஊர் விடாமல் கேட்டால்தான் அவன் சம்பளம் அவன் கைக்கு வரும். வராதபோது அவன் யார் பக்கம் துப்பாக்கியைத் திருப்புவான் என்பதை 1647 சொல்லிவிட்டது.

மூன்று: நீ கணக்குக் கேட்டால் எதிரியின் ஆள் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் நோட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நோட்டை ஒழுங்காக எழுதி வைத்திருப்பவருக்கு இந்தப் பேச்சு தேவையே இல்லை. விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு இங்கிலாந்து நினைவுக்கு வராது, வேறு ஊர்கள்தான் நினைவுக்கு வரும். வரட்டும். எந்த ஊராக இருந்தாலும் கேள்வி இதேதான்.

நம் கிராமங்களில் கொடை முடிந்த பிறகு கோயில் வாசலில் எல்லோரையும் உட்காரவைத்து வரவு செலவு வாசிப்பார்கள். அம்மன் மேல் சந்தேகப்பட்டா வாசிக்கச் சொல்கிறோம்? கேட்கிறவனும் பக்தன்தான், வரி கொடுத்தவனும் அவன்தான். கோயிலுக்கே வைத்திருக்கும் இந்த வழக்கத்தைத் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். தம்பியும் பதில் எழுதவேண்டும், காத்திருக்கிறேன். ஆனால் ஆண்டைப் போட்டு எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் நான் மதிப்பெண் போடமாட்டேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் சார்