.44 மேக்னம்: 'பவர்' அதிகம் என்றால் பாதுகாப்பும் அதிகமா?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் 'எதுக்கு?' என்று கேட்டால், வேட்டை, விளையாட்டு எல்லாம் இப்போது இரண்டாம்பட்சம்தான். பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம், தற்காப்பு. 2022 ஜூனில் 'புரூவன்' வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியலமைப்பு உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் அதற்கு பெர்மிட்டே தேவையில்லை.

சரி, துப்பாக்கி வாங்கியாச்சு. உள்ளே என்ன தோட்டா போடுவது? கேட்க சின்ன கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இயற்பியல், மருத்துவம், போர்ச் சட்டம், கிரிமினல் கோர்ட் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகின்றன. பெரிய காலிபர் ரிவால்வர் என்றால் இன்னும் சிக்கல்.

காலிபர் என்பது என்ன?

சுருக்கமாகச் சொன்னால், குண்டின் விட்டம். .32, .38, .44, .45 என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. பெயர் எப்போதும் துல்லியமாக இருக்காது. .44 என்று அழைக்கப்படும் குண்டின் உண்மையான விட்டம் .429 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 11 மி.மீ.

இந்த வரிசையில் பிரபலமானது .44 மேக்னம். 1955-ல் அறிமுகமானது. 1971-ல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29 ரிவால்வர்தான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதற்கு ஒரு அண்ணன் உண்டு. 1907-லிருந்து இருக்கும் .44 ஸ்பெஷல். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. மேக்னத்தின் உறை மட்டும் சுமார் 3 மி.மீ. நீளம். அதனால் மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் நுழையாது.

வித்தியாசம் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வழக்கமான .44 ஸ்பெஷல் குண்டு சுமார் 16 கிராம் எடை, விநாடிக்கு 230 மீட்டர் வேகம். ஆற்றல் 420 ஜூல் அளவுக்கு வரும். மேக்னத்தில் குண்டின் எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் வேகம் விநாடிக்கு 400 மீட்டரைத் தாண்டும். ஆற்றல் 1,300 ஜூல் பக்கம் போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், ஏறத்தாழ மூன்று மடங்கு.

'அப்படின்னா மேக்னமே போட்டுடலாமே?' என்றுதான் முதலில் தோன்றும். இங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

முன்னால் போகும் வேகத்துக்கு ஏற்ற உதை பின்னாலும் வரும். முதல் குண்டு வெடித்ததும் ரிவால்வர் மேலே எகிறும். மறுபடி குறிவைக்க நேரம் பிடிக்கும். சத்தம் 160 டெசிபல் அளவைத் தொடும். 140 டெசிபலைத் தாண்டிய திடீர் சத்தம் ஒரே தடவையில் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். மூடிய அறை, இருட்டு, காதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத நிலை என்றால் சொல்லவே வேண்டாம். எடை குறைந்த ரிவால்வர்களில் இன்னொரு தலைவலியும் உண்டு: உதையின் வேகத்தில், சுடாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னால் நழுவி, சுழலும் உருளையையே இறுக்கிவிடும். அவசரத்துக்கு எடுத்த ஆயுதம் அந்த நேரத்தில் வெறும் இரும்புத் துண்டு.

சினிமாவும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1973-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கட்டுப்பாட்டுக்காகத் தான் இலகுவான ஸ்பெஷல் தோட்டாவைத்தான் போடுவதாக ஹாரியே சொல்வார்!

தோட்டா எத்தனை வகை?

முக்கியமாக மூன்று. ஒன்று, முழுக்க உலோக உறை போட்டது. உடலில் உருமாறாமல் நேராக ஊடுருவிப் போகும். பயிற்சிக்கு அதிகம் பயன்படுவது. இரண்டாவது, 'ஹாலோ பாயிண்ட்'. முனையில் குழி இருக்கும். உடலில் நுழைந்ததும் பூ விரிவதுபோல விரியும். காயம் பெரிதாகும், ஆனால் குண்டு சீக்கிரம் நின்றுவிடும். மூன்றாவது, 'ஹார்ட் காஸ்ட்' எனப்படும் கெட்டியான ஈயக் கலவை. கரடி நடமாடும் காட்டுப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் எடுத்துச் செல்வது. தடித்த தோலையும் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போக வேண்டும் என்பதற்காக.

கரடிக்கு வாங்கியதை அபார்ட்மென்ட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வியே.

1986 கற்றுக்கொடுத்த பாடம்

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுடன் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மோதினார்கள். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன்மீது 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் குண்டு பாய்ந்தது. கையைத் துளைத்து, மார்புக்குள் போய், இதயத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ. ஒரு அளவுகோல் வைத்தது. மனிதத் தசைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும்; 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் ஆபத்து நிற்காது. கூடினால் உடலைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவரைத் தாக்கும். தோட்டா கம்பெனிகள் இன்றுவரை விளம்பரம் செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மேக்னத்தின் சிக்கல், மேல் வரம்பு. மான் வேட்டைக்காகத் தயாரான மேக்னம் குண்டுகள் பல 18 அங்குலத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஸ்பெஷலில் பிரச்சினை தலைகீழ்: வேகம் குறைவு என்பதால் ஹாலோ பாயிண்ட் சில சமயம் விரிவதே இல்லை. அதனால்தான் குறைந்த வேகத்திலும் விரியும்படி வடிவமைத்த ஸ்பெஷல், அல்லது வேகத்தைக் குறைத்த மேக்னம் என்று நடுவழியைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரச் சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். ஹாலோ பாயிண்ட்டின் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் அதுவும் சாதாரணக் குண்டு மாதிரி விரியாமல் போய்விடும். குறி தவறினால் அடுத்த அறையில் தூங்கும் குழந்தை வரை போகலாம். சுவர் காப்பாற்றும் என்று நம்பவே முடியாது.

போரில் தடை, வீட்டில் அனுமதி!

விரியும் குண்டுக்கும் கொல்கத்தாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இன்று விமான நிலையம் இருக்கும் டம் டம் பகுதியில்தான் பிரிட்டிஷ் ஆயுதச்சாலை இருந்தது. 1890-களில் அங்கே கேப்டன் பெர்ட்டி-கிளே உருவாக்கிய மென்முனைக் குண்டு, வடமேற்கு எல்லைச் சண்டைகளில் பயன்பட்டது. ஊர்ப் பெயரே குண்டின் பெயராகி, 'டம் டம் புல்லட்' ஆனது. 1898-ல் பிரிட்டன் தன் .455 வெப்லி ரிவால்வருக்கும் முனை குழிந்த தோட்டாவைக் கொண்டுவந்தது.

அடுத்த ஆண்டே, 1899 ஜூலை 29-ல், மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த மாட்டோம் என்று ஹேக் பிரகடனம் வந்தது. ஆனால் அது நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டும். போலீஸுக்கும் தனிநபருக்கும் பொருந்தாது. ராணுவ வீரன் எதிரிமீது சுடக் கூடாத குண்டை ஒரு குடிமகன் கடையில் வாங்கலாம் என்ற முரண் அப்படி வந்ததுதான். அருகில் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது ஆதரவாளர்களின் வாதம். எதிர் வாதமும் உண்டு: நியூ ஜெர்சி மாநிலம் ஹாலோ பாயிண்ட்டை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதித்தாலும், வெளியே எடுத்துச் செல்வதைப் பல ஆண்டுகளாகக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது.

கோர்ட்டில் தோட்டாவும் சாட்சி

2004-ல் அரிசோனாவில் மலைப் பாதையில் நடந்து சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன்னை நோக்கி ஓடிவந்தவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். கையில் இருந்தது 10 மி.மீ. பிஸ்டல், உள்ளே ஹாலோ பாயிண்ட். 2006-ல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தத் தோட்டா வகை தன்னை உறுத்தியது என்று ஜூரி ஒருவர் பிறகு பேட்டியிலேயே சொன்னார். 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு சட்டக் காரணங்களுக்காகத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் அவருடைய சில வருடங்கள் சிறையில் கழிந்துவிட்டன.

நம்மவர்களுக்கு இதில் என்ன?

வேலைக்காக அமெரிக்கா போன தமிழ் இளைஞர்களுக்கு இதில் நேரடிச் சங்கதி இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சொந்தமா, நண்பருடையதா என்ற பேதம் கிடையாது. மீறினால் அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

ஊருக்கு வரும்போதும் கவனம் தேவை. துப்பாக்கி பயிற்சிக்குப் போன பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் சிக்கினால், 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனால் தெரியாது என்பதை நிரூபிக்க கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும்.

இந்தியாவில் உரிமம் உள்ளவர்கள் கையிலும் பெரும்பாலும் .32 ரிவால்வர்தான். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம்.

எந்தத் தோட்டா என்பதற்கு முன்னால்...

பெரிய காலிபர் தேர்வில் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது எளிமையானது: கட்டுப்படுத்த முடிகிற தோட்டா, கட்டுப்படுத்த முடியாத பெரிய தோட்டாவைவிட மேல். ஆனால் இன்னொரு எண்ணும் மனதில் இருக்க வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அதில் ஏறக்குறைய 27,300 தற்கொலைகள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்காக வாங்கும் ஆயுதம், 365 நாளும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு ஆயிரம் பதில் சொல்லலாம். அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும்.