பதிவேட்டில் ஏறாத வியாதி

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குவாரிகளிலும் கிரானைட் பட்டறைகளிலும் சிலிகோசிஸ் என்னும் தூசி வியாதி கிடையாது என்று படித்தவர்களே சாதிக்கக் கேட்டிருக்கிறேன். பதிவேட்டில் அப்படி யார் பெயரும் ஏறவில்லை என்பதே அவர்கள் காட்டும் பிரமாணம்.

பெயர் ஏறுவது எப்படி என்று முதலில் பார்க்க வேண்டாமா? சிலிகோசிஸைக் கண்ட வைத்தியர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே விதித்துவிட்டது. ஆனால் கண்டால்தானே எழுதுவார்! பதினைந்து வருஷம் கல் அறுத்தவன் இருமலும் மூச்சிரைப்புமாக வந்து நிற்கையில், நுரையீரலின் மேற்பகுதியில் பொட்டுப் பொட்டாகத் தெரியும் நிழலைக் காசம் என்று கொள்வது எளிது; சளியில் கிருமி அகப்படாவிட்டாலும் ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடுகிறது. சிலிகா படிந்த சுவாசகோசத்தைக் காசமும் எளிதில் பற்றுமாதலால், ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவது இரட்டைப் பிழை.

'எங்கள் கல் கறுப்பு. அதில் குவார்ட்ஸ் குறைவு' என்று நுணுக்கமாக வாதிப்பவரும் உண்டு. கறுப்பு வகையைப் பொறுத்தவரை அது பெருமளவு நியாயமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரடிசோ முதலிய வண்ணக் கற்களில் குவார்ட்ஸ் தாராளம். ஓசூரின் வார்ப்படப் பட்டறைகளில் அச்சுக்குப் பயன்படும் மணலோ ஏறக்குறைய முழுவதுமே சிலிகா.

தொழிலாளர் இன்று இங்கும் நாளை கர்நாடகத்திலுமாக அலைபவர்கள், அவர்களை எண்ண முடியாது என்கிறார்கள். எல்லைக்கு அப்பால், கூப்பிடு தூரத்திலுள்ள கோலார் தங்கவயலிலும் வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்தாம் அன்று பெருந்தொகையினராக இருந்தார்கள். அவர்களை 1940களிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பது தெரியவந்தது. அன்று எண்ண முடிந்ததை இன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முடியாது என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

கணக்கு வெளிவந்தால் தொழில் படுத்துவிடுமாம். ராஜஸ்தான் அரசு 2019இல் இதற்கென்றே கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்ச ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் என்று நிர்ணயித்து, இணையவழிப் பதிவையும் நடத்துகிறது. அங்கே கல் வியாபாரம் நின்றுபோகவில்லை.

நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்பது மட்டுமே கவலைப்பட வேண்டிய ஆட்சேபம். பெயர் வெளியானால் வேலை போகும், பெண் வீட்டாரும் பின்வாங்குவார்கள். ஆனால் பகிர வேண்டியது பெயரையா?

ஓசூர் பஸ் நிலையத்தில், அத்திப்பள்ளி பஸ்ஸுக்காக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஜவுளிக்கடைப் பையிலிருந்து நான்கு எக்ஸ்ரே உறைகளை எடுத்து மடியில் அடுக்கினார்: இரண்டு இந்தப் பக்கத்தவை, இரண்டு பெங்களூருவில் எடுத்தவை. "முப்பது வருஷம் கல்லுலதான் சார் கெடந்தேன்" என்றார். உறைகளை வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, ஊர் எல்லாம் நான்கிலும் இருந்தன. தொழில் ஒன்றிலும் இல்லை. இரு மாநில ஆஸ்பத்திரிகளும் பெயரை அடித்துவிட்டு, அந்த விடுபட்ட விவரத்தை எழுதி, ஊரோடும் வயதோடும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டால் யாருடைய அந்தரங்கம் குலையும்?