எழுதித் தாருங்கள், ஐயா!

இரும்பை மாகாளேசுவரர் கோயில் வாசலில் என் சித்தப்பாவின் புதுக் காருக்குப் பூசை போட்டோம். மூன்றாம் மாதமே வயரிங் கருகியது. புதுவையில் வண்டியை விற்ற கடையிலேயே, அவர்கள் ஆளே, அதிக வெளிச்சம் தரும் 100 வாட் ஹெட்லைட் பல்புகளை மாட்டித் தந்தார். "வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது" என்றார். இப்போதோ, "வெளிப் பொருள் மாட்டியிருக்கிறீர்கள், கம்பெனி ஏற்காது" என்கிறார்கள். மாட்டிய கை யாருடையது?

கம்பெனியின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 55, 60 வாட்டுக்கெனப் போட்ட கம்பியில் 100 வாட்டை ஏற்றினால் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கம்பியில் பிறக்கும் சூடோ மும்மடங்கை எட்டும். பள்ளி இயற்பியல்தான். ஆனால் இதை அறிந்திருக்க வேண்டியவர் விவசாயியான சித்தப்பாவா, காசு வாங்கிக்கொண்டு மாட்டியவரா?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். புதுவைக் கடை மீது விழுப்புரத்தில் வழக்கு! ஈராண்டுக்குள் செய்யவேண்டும், அவ்வளவே. சிக்கல் சான்றில்தான் இருக்கிறது. பில்லில் 'உதிரிப் பொருள்கள்' என்ற ஒற்றை வரி. வாட் இல்லை, வாரண்டி பற்றிய பேச்சும் இல்லை. சொன்ன வாய் இன்று மறுக்கிறது.

கடையில் மாட்டும் ஒவ்வொரு பொருளின் பெயரும் திறனும், பழுதானால் பொறுப்பு யாருடையது என்பதும் பில்லில் இருக்கவேண்டும். இதை அரசு கட்டாயமாக்கினால் என்ன? கேட்டு வாங்க நமக்கும் கூச்சம் கூடாது. சித்தப்பா கூசினார்.

அந்த ஒற்றை வரிப் பில்லை வைத்துக்கொண்டுதான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.